மார்பிளுக்கு அடியில் இருக்கும் குழி

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் தன்சீல் அகமதுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும், பிரசவத்துக்கு வந்திருக்கும் உன் தங்கை ஹுமேராவும், அவள் பெற்ற பச்சைக் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஷார்ஜாவில் நீயும் மருமகள் புஷ்ராவும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். சரி, சுகம் விசாரித்தாயிற்று. இனிமேல் எழுதப் போவதெல்லாம் கோபம், அதனால் உட்கார்ந்து படி. போனில் சொல்லாமல் அம்மா ஏன் காகிதம் எடுத்தாள் என்று நினைப்பாய். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று புஷ்ரா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். நான் மூச்சு வாங்கப் பேசுவதை நீ அணில் கத்துகிற மாதிரி கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கட்டைவிரல் படம் போட்டு அனுப்புகிறாய். தண்ணீர் கேட்டு அழுதால் கட்டைவிரலா அனுப்புவார்கள்? கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது, என் கையெழுத்து கோணலாக வேறு இருக்கும், நிதானமாகத்தான் படித்தாக வேண்டும். பக்கத்து வீட்டு பக்ருன்னிசாவின் மகன் முஜாஹித் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பையும் வரும், அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், அதுவரை பையைப் பிரிக்காதே.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், நம் தெருப் பள்ளிவாசல். நீயும் உன் தோஸ்துகளும் சேர்ந்து பணம் போட்டு "பசுமைப் பள்ளி" என்று பெயர் வைத்து அதைப் புதுசாக்கினீர்கள். உன் பங்குதான் ஜாஸ்தி என்று, தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவுகிற ஒளுக் கூடத்துச் சுவரில் உருதுவிலும் தமிழிலும் உன் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உன் அப்பா தினம் ஒளு செய்துவிட்டு ஈரக் கையால் அந்தக் கல்லை ஒரு தடவை தடவிவிட்டுத்தான் உள்ளே போகிறாராம், பார்த்தவர்கள் சொன்னார்கள். இருக்கட்டும், பெற்றவருக்குப் பெருமை இருக்காதா. எனக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பசுமை என்று சொன்னாயே, அந்தத் திறப்பு விழா எப்படி நடந்தது என்று உனக்கு யாராவது சொன்னார்களா? தெருமுனையிலிருந்து பள்ளிவாசல் வாசல் வரை பிளாஸ்டிக் பிளெக்ஸ் பேனர், அதில் பச்சை இலை படம். பிரியாணி பிளாஸ்டிக் டப்பாவில், தயிர்ப் பச்சடி இன்னொரு குட்டி டப்பாவில், ஆளுக்கொரு சின்னத் தண்ணீர் பாட்டில். நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற நம் வழக்கம் இன்றைக்கு யாருக்கு ஆகவில்லை? அந்தப் பெரிய தட்டுகள் பள்ளிவாசல் பரணில் தூசி பிடித்துக் கிடக்க, மறுநாள் காலையில் பாட்டில்கள் சாக்கடையில் மிதந்து அடைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தன. மக்கும் குப்பை மக்காத குப்பை என்று இரண்டு வாளி வைத்து வாங்கிப் போகும் முனிசிபாலிட்டிப் பெண், பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவாளே, அவள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பசுமைன்னு போட்டுட்டு ஊரு குப்பைய எல்லாம் இங்க கொட்டி வச்சிருக்கீங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள். நானும் பக்ருன்னிசாவும் குனிந்து பொறுக்கினோம். அதற்குக்கூட நான் உனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒரு நாள் கூத்து, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் குழியை மூடினாயே, அதை எப்படி விடுவேன்? எந்தக் குழி என்று கேட்காதே, கேட்டால் இன்னும் கோபம் வரும். பள்ளிவாசல் கிணற்றுக்கும் நம் சந்துச் சுவருக்கும் நடுவில் நாலு வாழைமரமும் ஒரு கறிவேப்பிலைச் செடியும் நின்றதே, அந்த இடம். நீ வாணியம்பாடியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. இந்த ஊர் மண்ணுக்குள் எத்தனை வருஷத்துத் தோல் டேனரி உப்பு இறங்கியிருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, துணி பழுத்துப் போகும். முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வருவதோ பெருநாள் பிறை மாதிரி, வந்தால்தான் வந்தது. அந்த நாட்களில் நான் சந்தில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும்போது, வேளாவேளைக்குத் தொழ வருகிறவர்கள் கை கால் முகம் கழுவுகிற தண்ணீரெல்லாம் சுவரோரமாகக் கால்வாயில் ஓடி ரோட்டுச் சாக்கடையில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எச்சில் இல்லை, எண்ணெய் இல்லை, சோப்புகூட இல்லை. இதை ஏன் சாக்கடைக்கு விடுகிறார்கள் என்று உன் அப்பாவைக் கேட்டேன். அவர் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லியைக் கேட்டார், முத்தவல்லி தொழ வைக்கிற ஹஜ்ரத்தைக் கேட்டார். ஒளு செய்த தண்ணீர் திரும்பக் கிணற்றில் சேரலாமா கூடாதா என்று கொஞ்ச நாள் ஆண்கள் எல்லாம் கூடிக்கூடிப் பேசினார்கள். கடைசியில் ஹஜ்ரத்தான், மண்ணுக்குள் இறங்கி வடிந்து வருகிற தண்ணீருக்கு ஒரு தடையும் இல்லை என்று சொன்னார். பிறகு கொத்தனார் கன்னியப்பன் வந்து குழி வெட்டினார், ஜல்லியும் கரியும் மணலும் அடுக்கினார், மொட்டை மாடியில் விழுகிற மழைத் தண்ணீருக்கும் ஒரு பைப் இறக்கி அதே குழியில் விட்டார். பள்ளிவாசலுக்குள் காலெடுத்து வைக்காத நாங்கள் சந்துப் பெண்கள்தான் கூடை கூடையாக மணல் எடுத்துக் கொடுத்தோம். இரண்டு மழைக்காலம் போனதும் கிணற்றில் மட்டம் ஏறியது, ருசி மாறியது. ஒருநாள் நீ காலேஜிலிருந்து பஸ் இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தாய், தால்ச்சாவை ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாம்மா, பருப்பு இன்னைக்கு வெண்ணெய் மாதிரி இருக்குது" என்று சொல்லி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாய். அது கேன் தண்ணீர் இல்லை, குக்கரும் இல்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர். ஏன் வெந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பசியோடு வந்த பிள்ளை சாப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன்.

இப்போது பார். உன் தோஸ்துகள் குரூப்பில் யாரோ பள்ளிவாசல் போட்டோ போட்டான், அதில் குழியும் வாழையும் ஈரமாகத் தெரிந்தது. நீ என்ன எழுதினாய் என்று, அந்தக் குரூப்பில் இருக்கும் உன் அப்பாவின் போனிலேயே நான் படித்தேன். "இந்தச் சேறும் வாழையும் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது, சமமாக மார்பிள் போட்டு வடிகாலை நேராக ரோட்டுக்கு விட்டுவிடலாம்" என்று எழுதியிருந்தாய். இஞ்சினியர் படித்தவன் எழுதினால் கமிட்டிக்கு வேதவாக்கு. ஒரு போன் போட்டு, அம்மா, அங்கே என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? மூடச் சொல்லிக் கன்னியப்பனையே கூப்பிட்டார்கள். அவர் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் நம் வாசலில் வந்து நின்று, "அக்கா, நெஜமாவே மூடவா சொல்றாங்க?" என்று கேட்டார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன், உன் அப்பா தரையைப் பார்த்தார். கன்னியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் தூர்க்கலக்கா, மேல பலகைக்கல்லு போட்டுத்தான் மார்பிள் ஒட்டப் போறேன், எப்ப வேணும்னாலும் நாலு கல்லை எடுத்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாழையை வெட்டினார்கள், அதில் ஒன்று தார் தள்ளியிருந்தது. அதற்கு மேலே இப்போது வெள்ளைவெளேரென்று மார்பிள், வெயில் நேரத்தில் கால் வைத்தால் தோசைக்கல். ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழை அதன்மேல் விழுந்து வழுக்கிக்கொண்டு நேராக ரோட்டுக்குப் போனது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்சார் குழாய் வைத்திருக்கிறேன், தண்ணீர் எவ்வளவு மிச்சம் தெரியுமா, நீங்கள் சயின்ஸ் புரியாமல் பேசுகிறீர்கள் என்று போனில் சொன்னாய். என் சயின்ஸையும் கொஞ்சம் கேள். முன்பு கிணற்றிலிருந்து மேலே ஏறின தண்ணீர் காலைக் கழுவிவிட்டுத் திரும்பக் கிணற்றுக்கே வந்தது. இப்போது கம்மியாகத்தான் ஏறுகிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஏறினது ஏறினதுதான், ஒரு சொட்டு திரும்பி வருவதில்லை, மழைத் தண்ணீரும் இறங்குவதில்லை. இதில் எது மிச்சம்? அந்தக் குழாய் லட்சணத்தையும் சொல்கிறேன். உன் அப்பா காலைக் கழுவ அதற்கு முன்னால் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறாராம், அது கண்டுகொள்வதே இல்லையாம், கடைசியில் கையால் சலாம் வைத்தால்தான் தண்ணீர் விடுகிறதாம். ஒரு நோன்பு நாளில், நோன்பு திறக்கிற மக்ரிபுக்குக் கொஞ்சம் முன்னால் கரண்டு போய்விட்டது. குழாய் அத்தனையும் ஊமையாகிவிட்டது. தொழ வந்தவர்கள் எங்கள் சந்துக்கு வந்து, "பாபி, ஒரு சொம்பு தண்ணி" என்று கதவு கதவாகத் தட்டினார்கள். நாங்கள் குடிக்க வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தோம். அந்த ரமலானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் கேன் தண்ணீரில்தான் கொதித்தது, கிணற்றுத் தண்ணீர் அதற்குள் கரிக்க ஆரம்பித்துவிட்டது. உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்று சொல்வார்களே, அதுதான். நீ அங்கே ஸ்டீல் பாட்டில் தூக்கிக்கொண்டு சைக்கிளில் ஆபீஸ் போகிற போட்டோவைப் போட்டு, பூமியைக் காப்போம் என்று எழுதுகிறாய். நல்லது, காப்பாற்று, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் அம்மா வீட்டுச் சுவருக்குப் பின்னால் இருக்கிற பூமியும் அதில் சேர்த்திதானே?

வீட்டு நிலவரத்தைச் சொன்னால் உனக்கு உறைக்குமோ என்னவோ. ஹுமேராவின் குழந்தை உன் மூக்கை அப்படியே கொண்டு வந்திருக்கிறது, தூங்கும்போது உன்னை மாதிரியே வாயைப் பிளக்கிறது. போன மாதம் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டினோம், கழுத்திலும் தொடை இடுக்கிலும் சிவந்து தடித்துவிட்டது, ராத்திரியெல்லாம் அழுகை. டாக்டரம்மா, எந்தத் தண்ணீரில் குளிக்க வைக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். அன்றிலிருந்து பிறந்த பிள்ளையைக் கேன் தண்ணீர் வாங்கிக் குளிப்பாட்டுகிறேன். குடிக்கிறதுக்கு வாங்கினோம், கஞ்சிக்கு வாங்கினோம், இப்போது பிள்ளை குளிக்கவும் வாங்குகிறோம். கேனைத் தூக்கிக் கவிழ்க்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஹுமேரா பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். பக்ருன்னிசா பாடு இன்னும் மோசம். வீட்டில் உட்கார்ந்து ஷூ கம்பெனிக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கிறாள், தைத்தால்தான் அன்றைக்குக் காசு. முன்பு கதவைத் திறந்தால் சந்துக் குழாயில் கிணற்றுத் தண்ணீர், இப்போது தையலைப் போட்டுவிட்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குடம் சுமந்து வருகிறாள். "ஆபா, உங்க புள்ள நல்லதுதான் நெனச்சான், பேஜார் நம்ம தலைல வந்து உட்கார்ந்துடுச்சு" என்று சொன்னாள். என்னிடம் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசினாளே, அதுதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானும் பக்ருன்னிசாவும் புர்காவைப் போட்டுக்கொண்டு முத்தவல்லி வீட்டுக்கே போனோம். அவர் நல்ல மனுஷர்தான், டீ கொடுத்து உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா மார்பிள் போடணும்னு மனசுல நிய்யத்து வச்சுக் குடுத்த பணம் இது. குடுத்தவன் நிய்யத்த நாங்க மாத்தினா குனாஹ், பாவம் எங்க மேல வரும். உங்க புள்ள தன் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், மறுநாளே கல்லைப் பேர்த்துடலாம்" என்றார். எனக்கு அங்கேயே சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. குழிக்கு மணல் சுமந்த எங்கள் நிய்யத்தை யாரும் கேட்கவில்லை, அதை மூடுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. திறப்பதற்கு மட்டும் ஷார்ஜாவிலிருந்து உத்தரவு வர வேண்டும். சரி, மார்க்கச் சட்டம் அப்படியென்றால் அப்படியே இருக்கட்டும். அன்று சாயங்காலமே உனக்குப் பேசினேன். டிராயிங் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாய். இரண்டாவது தடவை பேசினேன், தோஸ்துகளைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றாய். மூன்றாவது தடவை வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், அதற்குத்தான் அந்தக் கட்டைவிரல். உன் அப்பாவை நீங்களாவது சொல்லுங்கள் என்றால், "புள்ள பேரைக் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க, அதுல கை வைக்கச் சொல்றியா" என்று முறைக்கிறார். பெயர் சுவரில் இருக்கிறது, குழி தரையில் இருக்கிறது, சுவரை யார் தொடப் போகிறார்கள் என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இப்போது அவசரம் என்னவென்றால், வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கமிட்டி கூடுகிறது. பசுமைப் பள்ளி இரண்டாம் கட்டமாம், அதுவும் உங்கள் பணம்தானாம். கிணறு உப்பாகிவிட்டது, இனி அது எதற்கு என்று அதைத் தூர்த்துவிட்டு ஆழமாக போர் போடப் போகிறார்கள். தூர்த்த இடத்தில் என்ன வரப் போகிறது தெரியுமா? செருப்பு ஸ்டாண்டு. உலகத்துக்கெல்லாம் செருப்பும் ஷூவும் தைத்து அனுப்புகிற ஊரில், குடிக்கிற கிணற்றின் தலைமேல் செருப்பு வைக்கப் போகிறோம். கிணற்றை யார் உப்பாக்கினது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். குழி போனால் நாலு கல்லை எடுத்தால் திரும்பி வரும். கிணறு போனால் என்னிடமும் வழி இல்லை, உன் சயின்ஸிடமும் வழி இல்லை. அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன். பள்ளிவாசலுக்கு நீ கொடுத்ததில் எனக்குக் குறை இல்லை தன்சீல், கொடுக்கிற மனசு உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு, அல்லாஹ் இன்னும் பரக்கத் தரட்டும். கொடுத்துவிட்டு விசாரிக்காமல் இருக்கிறாயே, அதுதான் என் கோபம். வெள்ளிக்கிழமைக்குள் நீ பேசாவிட்டால் நானே போய்ப் பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்துவிடுவேன், பக்ருன்னிசாவும் வருகிறேன் என்றிருக்கிறாள். உன் பெயர் வெட்டிய கல்லுக்குக் கீழே உன் அம்மா குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற போட்டோவையும் உன் தோஸ்துகள் குரூப்பில் யாராவது போடுவான், அதையும் இரண்டு மடங்கு வேகத்தில் பார்த்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி லேப்டாப்பைப் படுக்கையில் வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. புஷ்ராவுக்கு வெயிட் தூக்குகிற வேலை கொடுக்காதே, அவள் வாந்தி என்று சொன்னதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை, அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்தியாக முடியட்டும். அந்தப் பிள்ளையும் பிறந்து இந்த வீட்டுக்குத்தானே வரும், அதையும் நான் கேன் தண்ணீரிலா குளிப்பாட்ட வேண்டும் என்று யோசித்துப் பார். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், அவன் படியளக்கிற குறையாத ரிஸ்கும் தரட்டும். கோபத்தில் எழுதினேனே தவிர, உன்னைச் சபித்து ஒரு எழுத்தும் எழுதவில்லை.

இனிமேல் பையைப் பிரிக்கலாம். துணி சுற்றியிருக்கும் சர்பத் பாட்டிலில் இருப்பது நம் பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர், நானே பிடித்து மூடி இறுக்கினேன். பொட்டலத்தில் இருப்பது ஒரு பிடி துவரம் பருப்பு. இரண்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வை. குக்கர் கூடாது, உங்கள் ஊர் நல்ல தண்ணீரில் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. புஷ்ராவிடம் விட்டுவிட்டுப் போகாமல் நீயே பக்கத்தில் நின்று கிளறு. பருப்பு வெந்துவிட்டால் அம்மாவுக்கு வயசாகிவிட்டது, வாய் ஜாஸ்தி என்று நினைத்து இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. வேகாவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு முத்தவல்லிக்குப் போன் போடு. எனக்கு வேண்டாம், அவருக்கு.

இப்படிக்கு,
உன் நலத்துக்கு துஆ செய்யும் அம்மா,
அஃப்ஸர் ஜஹான்.

மறந்துவிட்டேன். பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடாதே, கழுவி அடுத்து வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்பு. வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கப் பாத்திரம் போதவில்லை.